மண்ணெண்ணெய் குடித்த மைனர்: 1098 எஞ்சினைத் திரும்பக் கட்டி வலுக் கூட்டுவது எப்படி

அப்பாவின் மொறிஸ் மைனர் 1964ஆம் ஆண்டுக் கார். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபோது அதற்கு வயது இருபத்தாறு, எனக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு பல வருடம் அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அப்பா ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் ஒளித்து வைத்திருப்பார். காலையில் காபரேற்றர் வாயில் நாலு சொட்டு விடுவார். எஞ்சின் பிடித்து, சூடேறி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். தெரு முழுக்கப் புகை. கண் எரியும்.

எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்குக் கீழே, இடையில் வைக்கிற அடைப்புத் தகடான கஸ்கெட்டை அவர் இரண்டாகப் போட்டிருந்தார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. அமுக்கம் கூடினால் தானாக வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுவது போலத் தட்டும். இரண்டாவது கஸ்கெட் ஹெட்டைத் தூக்கி அமுக்கத்தைக் குறைத்தது. அந்த அறிவால்தான் கார் பிழைத்தது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, அடியில் ஒயில் தங்கும் சம்புக்குள் இறங்கும். ஒயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போகும். அந்தத் தண்ணி ஒயிலில் ஓடிய எஞ்சினைத்தான் நான் பின்னாளில் கையில் எடுத்தேன்.

இதே நிலையில் வடக்கில் இன்னும் எத்தனையோ மைனர் கொட்டிலுக்குள் கிடக்கிறது. அதனால் நான் செய்ததை, சரிவந்ததையும் பிழைவிட்டதையும் சேர்த்து, முழுதாக எழுதுகிறேன். விலை கூடின சாமான் வாங்கிப் பூட்டுவதை விட, அளந்து அளந்து கட்டுவதில்தான் இந்த எஞ்சினில் கூடுதல் வலு கிடைக்கிறது. அதைத்தான் கீழே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

எந்த எஞ்சின் என்று முதலில் பாருங்கள்

மைனரில் இருப்பது ஏ சீரீஸ் எஞ்சின். 1951இல் ஒஸ்டின் ஏ30 காருக்காக 803 சிசியில் வந்தது. 1952இல் ஒஸ்டினும் மொறிசும் ஒன்றான பிறகு மைனருக்குள் ஏறியது. 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. மினியிலும் இதே குடும்பம்தான். 1964, 1965, 1967 மூன்று வருடமும் மொன்ரே கார்லோ றலியை வென்ற மினி கூப்பர்களுக்குள் இருந்ததும் இதன் உறவுக்காரன்தான். 2000ஆம் ஆண்டு வரை இந்தக் குடும்பம் உற்பத்தியில் இருந்தது. அதனால் இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது.

டைனமோவுக்கு மேலே, சிலிண்டர்கள் இருக்கும் புளொக்கில் ஒரு சின்னத் தகடு இருக்கும். 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. 9எம் என்றால் 948. இலக்கத்துக்கு முன்னால் எச் என்ற எழுத்து இருந்தால் கூடின அமுக்கம், எல் என்றால் குறைந்த அமுக்கம். ஆனால் அறுபது வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்? தகட்டை மட்டும் நம்பாமல் ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரை அளந்து பாருங்கள். 1098 என்றால் விட்டம் 64.58 மில்லிமீற்றர், ஓட்டம், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 83.72. 948 என்றால் 62.94, 76.2.

1098 நீண்ட ஓட்டம் கொண்டது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்றே பெயரிங். அந்தப் பெயரிங்குகளுக்குள் சுழலும் மெயின் கழுத்து 1¾ அங்குலம்தான். அதனால் இது அடித்து ஓட்டுகிற எஞ்சின் அல்ல, இழுக்கிற எஞ்சின். நிமிடத்துக்கு 5500 சுற்றுக்கு மேல் நான் கொண்டு போவதில்லை. என்ன வலுக் கூட்டினாலும் அதை 2000க்கும் 5000க்கும் இடையில் கூட்டுவதுதான் என் நோக்கம்.

கழற்ற முன்னம்

எஞ்சின் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக அழுத்திக்கொண்டு அமுக்கம் பாருங்கள். என்னுடையது சதுர அங்குலத்துக்கு 92, 88, 65, 90 இறாத்தல் காட்டியது. நல்ல எஞ்சின் 150ஐத் தாண்டும். பிறகு ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இன்னொரு தரம் பார்த்தேன். 128, 125, 70, 126. மூன்று சிலிண்டரில் ஏறிவிட்டது. ஒயில் அடைத்ததால் ஏறியது, ஆகவே அங்கே தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்கும் சிலிண்டர் சுவரும். மூன்றாவது ஏறவில்லை. அங்கே வால்வு. ஹெட்டைத் தூக்கியபோது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு விளிம்பில் எலி கடித்தது போல ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. இந்த ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வுகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வாசலால் வெளியே போகின்றன. ஹெட்டிலேயே சூடு கூடின இடம் அதுதான்.

கழற்றும்போது, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ் றொட், டப்பெட் எட்டையும் வந்த ஒழுங்கில் வையுங்கள். நான் ஒரு முட்டைத் தட்டில் இலக்கம் எழுதி வைத்தேன். பெயரிங் மூடிகளையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன் றொட் மூடிகளையும் ஒருபோதும் மாற்றிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் தன் சோடியோடு சேர்த்துக் கடையப்பட்டது.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு விசயம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளை ஓடு எஞ்சினுக்குள்ளும் படியும். புளொக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகரங்களைத் தட்டி எடுத்துவிட்டு உள்ளே கம்பி விட்டுச் சுரண்டினேன். நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் இருந்து இரண்டு கை நிறைய ஓடு வந்தது. அதைக் கவனிக்காமல் வலுக் கூட்டினால் முதல் நீண்ட பயணத்திலேயே கொதிக்கும். திரும்பக் கட்டிய பிறகு மழைத் தண்ணீரும் கூலன்ற்றும்தான் ஊற்றுகிறேன்.

கிராங்க்: இங்கே அவசரப்படாதீர்கள்

சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மேல் றிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் கூட. என்னுடையதில் 9 தௌ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் தௌ என்கிறோம். றிங் மட்டும் மாற்றித் தப்ப முடியாத அளவு அது. 20 தௌ கூடின பிஸ்டன் எடுத்தேன். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் புளொக்கைக் கடையக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீற்றரால் அளந்து, அந்தந்தத் துளைக்கு அந்தந்தப் பிஸ்டன் என்று எழுதிக் கொடுத்து, பிஸ்டன் பெட்டியில் சொன்ன இடைவெளிக்குக் கடையச் சொல்லுங்கள்.

கிராங்கில்தான் நான் பெரிய அடி வாங்கினேன். முதல் தரம் ஒரு லேத் பட்டறையில் கழுத்துகளை 20 தௌ குறைத்துக் கடைந்து தந்தார்கள். கழுத்து கண்ணாடி போல இருந்தது. மைக்ரோமீற்றரில் அளவும் சரி. சந்தோசமாகக் கட்டினேன். அறுநூறு மைல்கூட ஓடவில்லை. மானிப்பாய் வீதியில் மெதுவாக வந்துகொண்டிருந்தபோது கீழே ஒரு கனத்த சத்தம், அதோடு எஞ்சின் நின்றது. சம்பைக் கழற்றினால் கிராங்க் இரண்டாக. மூன்றாம் சிலிண்டர்க் கழுத்து பக்கச் சுவரோடு சேருகிற மூலையில் முறிந்திருந்தது.

அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கழுத்தும் சுவரும் சேருகிற இடம் ஒரு சட்டியின் உட்பக்கம் போல வளைந்து இறங்க வேண்டும். அவர்கள் சதுரக் கல்லால் கடைந்து அந்த வளைவைத் தின்றுவிட்டார்கள். பெட்டி மூலை போலக் கூராக இருந்தது. சுழலும் இரும்பில் கூரான மூலைதான் வெடிப்புத் தொடங்கும் இடம். நீண்ட ஓட்டம் உள்ள 1098 கிராங்குக்கு அது இரட்டிப்புச் சோதனை. அளவை மட்டும் பார்த்த நான் மூலையைப் பார்க்கவில்லை. இப்போது யார் கடைந்து தந்தாலும் வாங்குகிற இடத்திலேயே எல்லாக் கழுத்தின் இரண்டு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். நகம் தடக்கினால் வாங்குவதில்லை.

இரண்டாவது கிராங்க் ஒரு உடைந்த காரில் இருந்து வந்தது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க பழைய கை ஒருவர் எனக்குக் காட்டித்தந்த முறை இது. கிராங்கை நன்றாகக் கழுவி, ஒரு இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள். எடுத்துத் துணியால் ஒட்டத் துடையுங்கள். பள்ளிக்கூடச் சோக்கைத் தூளாக்கி மெல்லியதாகப் பூசுங்கள். பிறகு மரச் சுத்தியலால் அங்கங்கே மெதுவாகத் தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மயிரிழை போல ஒரு ஈரக் கோடாகச் சோக்கில் ஊறி வரும். அரை மணித்தியாலம் விட்டு இன்னொரு தரம் பாருங்கள். அதோடு கிராங்கைக் கயிற்றில் தூக்கித் தொங்கவிட்டுத் தட்டிக் கேளுங்கள். நல்ல கிராங்க் கோயில் மணி போல இழுத்து ஒலிக்கும். வெடித்தது தட்டையாக அடங்கும். காந்தத்தால் வெடிப்புப் பார்க்கும் வசதி உங்களுக்குக் கிட்ட இருந்தால் அதுவே மேல். இல்லாவிட்டால் இதையாவது செய்யாமல் கட்டாதீர்கள்.

கழுவுதலும் கட்டுதலும்

சிலிண்டரைக் கடைந்து குறுக்குக் கோடு போட்ட பிறகு அந்தக் கோடுகளுக்குள் கல் தூள் இருக்கும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ அதை எடுக்காது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும்தான் எடுக்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் ஒயில் தொட்டு சிலிண்டருக்குள் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் வந்தால் இன்னொரு தரம் கழுவுங்கள். என் புளொக்கை ஐந்து தரம் கழுவினேன். ஒயில் ஓடும் துளைகளின் அடைப்புகளையும் கழற்றி நீண்ட தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். முப்பது வருடச் சேறு அங்கேதான் இருக்கும். கழுவி முடிந்த உடனேயே ஒயில் பூசுங்கள். எங்கள் உப்புக் காற்றில் ஒரு இரவில் துருப் பிடிக்கும்.

பெயரிங்குகளைப் பூட்டி, பிளாஸ்ரிகேஜ் இழையை வைத்து இறுக்கி, கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை வைத்து இடைவெளியைப் பாருங்கள். 1 தௌக்கும் 2½ தௌக்கும் இடையில் இருந்தால் நல்லது. மெயின் போல்ட் 60 அடி இறாத்தல், கொன் றொட் 35. நடு மெயினின் இரண்டு பக்கமும் வரும் அரைவட்டத் தகடுகளில் ஒயில் வரி உள்ள பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூடியை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு மூடியில் இறுகினால் அந்த மூடியில்தான் பிழை. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுத் தேடினால் நாள் போய்விடும்.

றிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பழைய பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு அங்குலம் கீழே தள்ளுங்கள். றிங் நேராக நிற்கும். மெல்லிய தகடுகளால் அளக்கும் ஃபீலர் கேஜால் றிங்கின் வாய் இடைவெளியை அளந்தால் 8 முதல் 13 தௌ வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு பக்கமாக மட்டும், வெளியில் இருந்து உள்ளே, அராவுங்கள்.

மைனரின் பின் பக்க ஒயில் கசிவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பின் பெயரிங்கில் றப்பர் சீல் இல்லை. கிராங்கில் வெட்டிய சுருள் வரி ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது. றிங் தேய்ந்து எஞ்சினுக்குள் காற்றமுக்கம் கூடினால் அந்தச் சுருளால் தாங்க முடியாது. அதனால் கசிவுக்கு மருந்து பின்னால் பூசுகிற பசை அல்ல, நல்ல றிங்கும் அடைப்பில்லாத மூச்சுக் குழாயும்தான்.

கேம் என்பது வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு. அதன் சங்கிலிச் சக்கரங்களின் இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் வரப் பூட்டுங்கள். கேமை நான் மாற்றவில்லை. பந்தயக் கேம் போட்டால் வலு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். 1098 கிராங்கை அங்கே கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேய்ந்த கேம் என்றால் அதே அளவில் புதியது போடுங்கள், டப்பெட்டுகளும் சேர்த்துப் புதியது.

ஹெட்: வலு இங்கேதான்

ஏ சீரீஸ் ஹெட்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் எரியறை இதய வடிவில் தெரியும். ஹரி வெஸ்லேக்கின் வடிவமைப்பு அது. இரண்டு வால்வுக்கும் நடுவே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாலு சிலிண்டருக்கும் காற்று உள்ளே வர இரண்டே வாசல், வெளியே போக மூன்று. இந்த நெருக்கம்தான் எஞ்சினின் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறது.

வசதி உள்ளவர்கள் 12ஜி295 என்று வார்ப்பில் எழுதிய ஹெட்டைத் தேடுங்கள். மினி கூப்பர் 998, எம்ஜி 1100 கார்களில் வந்தது. உள்வால்வு 1.219 அங்குலம், வாசலும் நல்லது, 1098இல் அப்படியே உட்காரும். அறை பெரியது, அதனால் சீவித்தான் அமுக்கத்தை எடுக்க வேண்டும். 1275இன் 12ஜி940 ஹெட்டைச் சிலர் புகழ்வார்கள். அதன் எக்ஸோஸ்ட் வால்வு 1098 புளொக்கில் முட்டும். புளொக்கின் மேல் குழி வெட்டாமல் போட்டால் முதல் சுற்றிலேயே வால்வு வளையும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இரண்டு தரம் தேடினேன், எனக்கு 295 அகப்படவில்லை. ஆகவே சொந்த ஹெட்டிலேயே வேலை செய்தேன். வாசிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அதுதான் கதி என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எக்ஸோஸ்ட் வால்வுகள் வந்து உட்காரும் இடத்தில் கடினமான சீட் வளையம் வையுங்கள். ஈயம் இல்லாத பெற்றோலில் பழைய இரும்புச் சீட் தேய்ந்து வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையும். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் 45 பாகை, வெளியே 30, உள்ளே 60. இந்த ஒரு வேலைக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

பிறகு அராவுதல். வாசலைப் பெருப்பிக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் கை துருதுருக்கும். அதை விடுங்கள். காற்று திணறுவது வாசலில் அல்ல, வால்வுச் சீட்டுக்கு உட்பக்கம் உள்ள அரை அங்குலத்தில். சீட் வெட்டிய கருவி விட்ட படியை அங்கே விரலால் உணரலாம். அந்தப் படியை எடுத்து, வளைந்து இறங்கும்படி செய்யுங்கள். வால்வுக் குழாயைச் சுற்றியுள்ள புடைப்பை மெலிதாக்குங்கள். உள்வாசல்களின் பக்கத்துச் சுவரைத் தொடாதீர்கள், அதற்கு மறுபக்கம் புஷ் றொட் துளை போகிறது. துளை விழுந்தால் ஹெட் போச்சு. எரியறையின் மூக்குக் கூராக இருந்தால் கொஞ்சம் மழுங்க வையுங்கள், அந்தக் கூர்தான் சூடேறிச் சிவந்து முன்கூட்டியே பற்ற வைக்கும். உள்வாசலைக் கண்ணாடியாகத் தேய்க்க வேண்டாம், சற்று மணல் தாள் கரடு இருந்தாலே போதும்.

இனிக் கணக்கு. இதை ஒரு மத்தியானம் ஆறுதலாக இருந்து செய்யுங்கள். 20 தௌ கூட்டிக் கடைந்ததால் சிலிண்டர் விட்டம் 65.09 மில்லிமீற்றர். ஓட்டம் 83.72. ஒரு சிலிண்டர் 278.6 சிசி. இலங்கையில் இப்போது 92, 95 ஒக்டேன் பெற்றோல் கிடைக்கிறது. 92இலேயே ஓட வேண்டும் என்பதால் 9க்கு 1 என்ற அமுக்கத்தை எடுத்தேன். தொழிற்சாலை தந்தது 8.5. 9 பங்கில் 8 பங்கு பிஸ்டன் ஓடும் இடம், ஒரு பங்கு மேலே மிஞ்சும் இடம். அதனால் 278.6ஐ 8ஆல் வகுத்தால் 34.8. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிச்சம் இருக்க வேண்டிய மொத்த இடம் அது. அதில் கஸ்கெட் எடுக்கும் இடம் 2.8, பிஸ்டன் புளொக் விளிம்புக்குக் கீழே நிற்கிற அரை மில்லிமீற்றர் இடைவெளி 1.7, பிஸ்டன் தலைக் குழி 4.0. கூட்டினால் 8.5. கழித்தால் எரியறைக்கு 26.3 சிசி. உங்கள் பிஸ்டனின் குழி வேறாக இருக்கும், என் இலக்கங்களை அப்படியே எடுக்காதீர்கள், நீங்களே அளவுங்கள்.

அளக்க மருந்துக் கடைச் சிறிஞ்ச் போதும். ஹெட்டைத் தலைகீழாக நீர்மட்டம் பார்த்து வைத்து, வால்வையும் பிளக்கையும் பூட்டி, விளிம்பில் கிறீஸ் தடவி, நடுவில் துளையிட்ட ஒரு தடித்த பிளாஸ்ரிக் கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் சிவப்பு ஒயில் கலந்தால் நன்றாகத் தெரியும். துளையால் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் நிரம்ப எத்தனை சிசி போனது என்று எழுதுங்கள். எனக்கு வந்தது 27.6, 28.1, 27.3, 27.8. ஒரே ஹெட்டுக்குள் நாலு விதம். முதலில் சின்ன மூன்றையும் சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி 28.1க்குக் கொண்டு வந்தேன். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு அறைக்குள் சரியாக 26.3 சிசி மட்டும் விட்டு, ஹெட்டின் முகத்தில் இருந்து திரவத்தின் மட்டம் எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஆழமானியால் அளந்தேன். அந்த ஆழம்தான் சீவ வேண்டிய அளவு. ஊகம் தேவையில்லை. பட்டறைக்கு அந்த இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் நாலையும் இன்னொரு தரம் அளந்தேன், 26.2க்கும் 26.4க்கும் இடையில் நின்றன. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

ஹெட்டை ஒரே ஒரு புதுக் கஸ்கெட்டோடு இறக்குங்கள். ஒன்பது நட். நடுவில் தொடங்கி வெளியே போகும் ஒழுங்கில், 20, 30, 40 அடி இறாத்தல் என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். றொக்கர்த் தண்டின் நட்டுகள் 25.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிராக இருக்கும்போது 12 தௌ. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்று குழம்பத் தேவையில்லை, ஒன்பதை நினைவில் வையுங்கள். முன்னால் இருந்து எண்ணி, எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிபாருங்கள். ஆறாவது திறந்தால் மூன்றாவது. இரண்டும் கூட்டினால் எப்போதும் ஒன்பது.

காபரேற்றரும் நெருப்பும்

எஸ்யூ எச்எஸ்2 காபரேற்றரையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைத் தூக்கி விட்டால் டக் என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஊசி ஜெற்றில் உரசுகிறது, ஜெற்றை நடுவாக்குங்கள். 1098க்குரிய ஊசி ஏஎன். பிறகு வசதிப்படும்போது 1½ அங்குல எச்எஸ்4க்கும், நடு வாசலுக்கு நீண்ட தனிக் குழாய் உள்ள எக்ஸோஸ்டுக்கும் போகலாம். நான் எக்ஸோஸ்டை முதலில் மாற்றினேன். அந்தக் கனத்த வார்ப்பு இரும்பை எடுத்ததும் மூன்றாம் கியரில் இழுவை மாறியது உடனேயே தெரிந்தது.

நெருப்பைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பொயின்ற் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ. நிற்கும் நிலையில் நெருப்பு பிஸ்டனின் மேல் நிலைக்கு 3 பாகை முன்னால் என்பது தொழிற்சாலைக் கணக்கு. அமுக்கம் கூட்டியதால் அதில் தொடங்கி, நாலாம் கியரில் ஏற்றத்தில் அழுத்திப் பார்த்து, தட்டினால் கொஞ்சம் பின்னால் எடுங்கள். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் இழுபட்டிருந்தால் இந்த வேலை எல்லாம் வீண், அதையும் பாருங்கள்.

பிறேக்கையும் இதே மாதத்தில் செய்யுங்கள். 1098 மைனருக்கு முன்னால் 8 அங்குல டிரம். நல்ல நிலையில் இருந்தால் போதுமானது, தேய்ந்து முட்டை வடிவாகி இருந்தால் போதாது.

முதல் உயிர்

முதலில் பிளக் இல்லாமல் ஸ்ராற்றரால் சுற்றி ஒயில் அமுக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஒயில் பம்ப் காய்ந்து கிடக்கிறது, வடிகட்டிக் குழாயைக் கழற்றி அந்த வழியால் ஒயில் ஊற்றிச் சுற்றுங்கள். அமுக்கம் காட்டாமல் பிளக்கைப் பூட்டவே வேண்டாம். ஒயில் 20டபிள்யூ50, துத்தநாகம் உள்ள பழைய கார்களுக்கான வகை.

எஞ்சின் பிடித்ததும் சும்மா மெதுவாக விடாதீர்கள். 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். புதுக் கேமும் டப்பெட்டும் பழகுவது அந்த இருபது நிமிடத்தில்தான். றேடியேற்றரையும் ஒயில் அமுக்கத்தையும் கண்ணில் இருந்து எடுக்காதீர்கள். சூடேறி ஓடும்போது 60 இறாத்தல் நின்றால் நல்ல எஞ்சின். பிறகு தெருவுக்கு எடுங்கள். மூன்றாம் கியரில் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஓட்டினால்தான் றிங் உட்காரும். ஆமை போல ஓட்டினால் சுவர் வழுவழுப்பாகி ஒயில் குடிக்கத் தொடங்கும். 250 மைலில் ஒயிலை மாற்றுங்கள். 500இல், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த காலையில், ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைக்கால் சுற்றுத் தளர்த்தித் திரும்ப 40க்கு இறுக்கி, வால்வு இடைவெளியை இன்னொரு தரம் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை. கலவையைச் சரிபார்க்க நான் ஏ9 வீதியால் மாத்தளை தாண்டிக் கண்டி வரைக்கும் போனேன். அப்பா பக்கத்தில் இருந்தார். ஏற்றத்தில் முழுதாக அழுத்திப் போய்க்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி நிறுத்தி, கிளச்சை மிதித்து, ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் வாகனம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் கலவை மெலிது, ஜெற் நட்டை ஒரு பட்டை, அதாவது நட்டின் ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் அளவு, கீழே இறக்குங்கள். கறுத்துப் புகை படிந்திருந்தால் ஒரு பட்டை மேலே. கொத்தமல்லி விதையின் நிறத்தில் இருந்தால் தொடாதீர்கள். முதல் தரம் நாலும் வெளிறி இருந்தன. ஒரு பட்டை இறக்கினேன், போதவில்லை. இன்னொரு பட்டை இறக்கினேன். மூன்றாம் தரம் அப்பாதான் பிளக்குகளைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பூட்டு" என்றார்.